பிரித்துவிட்ட கையுறைப் பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைந்ததா? திருப்போரூர்ப் பக்கம் இந்தச் சின்ன ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையில் நான் நலம்.

நேற்று தொற்றுத் தடுப்பு ஆய்வு நடந்தது. அதில் காட்டுவதற்காக, இருந்த ஒரே கையுறைப் பெட்டியை ஹெட் நர்ஸ் வசந்தாக்கா பிரிக்காமல் வைத்திருந்தார். அதிகாரி வருவதற்குள் காலில் சீழ் வைத்து, காய்ச்சலோடு ஒரு மீனவர் வந்தார். புண்ணைச் சுத்தம் செய்ய நான் பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

"இன்னாம்மா இப்டி பண்ட்ட? வர்றவருக்கு இன்னாத்த காட்றது?" என்று அக்கா பதறினார்.

அதிகாரி, "யாரு பிரிச்சது?" என்று கேட்டு என் பெயரை எழுதிக்கொண்டு போனார். பாராட்டவா, தண்டிக்கவா? அக்காவுக்கும் புரியவில்லை. மீனவருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் பிறகு வந்தவர்களுக்கும் எடுத்ததில் பெட்டி இன்று காலி. அடுத்து வருகிறவருக்கு என்ன செய்வேன்?

கழுவிக் கழுவிக் கை வெடித்திருக்கிறது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ஜெஸ்ஸி