உள்ளே போக ஒரு பென்னி

சதர்க், லண்டன்
நவம்பர் 1596

அன்புள்ள அண்ணன் ஆம்புரோசுக்கு, தங்கை தாமசின் எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும்.

இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்றாவது வருடமாகப் பயிர் மழையில் அழுகிவிட்டது. ஒரு பென்னி ரொட்டி என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. பெரியவள் ஆனிஸை அடக்கம் செய்து ஏழு வாரம் ஆகிறது. சின்னவள் மார்ஜரிக்கு இருமல் விடவில்லை. நாலு வயதாகிறது, தூக்கினால் இரண்டு வயதுக் கனம்தான்.

உங்கள் மாப்பிள்ளையைப் பற்றித்தான் எழுத வேண்டும். தினமும் மதியம் தோல் பட்டறையிலிருந்து ரேஃப் காணாமல் போயிருக்கிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உன் புருஷன் நாடகக் கொட்டகையே கதின்னு கிடக்கிறான். அவனுக்கு இனிமே இங்க வேலை இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். வேலை போன பிறகும் ரேஃப் நாடகத்துக்குப் போனார். திங்களன்று பெட்டியைத் திறந்தால் ஆனிஸின் கம்பளிச் சட்டையைக் காணோம். விற்றுவிட்டார். மார்ஜரிக்கு ஆகும் என்று வைத்திருந்த சட்டை, அண்ணா.

மார்ஜரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவரை இழுத்து வர ஓடினேன். ஆளைக் கூப்பிடத்தான் வந்தேன் என்று வாசலில் கெஞ்சினேன். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. காசைப் போட்டுட்டு யாரை வேணா இழுத்துட்டுப் போ" என்றான் காவலாள். ரொட்டிக்கு வைத்திருந்த பென்னியை அவன் நீட்டிய உண்டியலில் போட்டேன்.

மேடையில் ஒரு ராணி, இறந்த மகளை மடியில் கிடத்தி அழுதுகொண்டிருந்தாள். கீழே கூட்டத்தில் ரேஃப் தோள் குலுங்க அழுதார். ஆனிஸின் குழியருகே ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர்! இழுக்கத்தான் கையைப் பிடித்தேன். "வீட்டுல அழ ஆரம்பிச்சா நிறுத்த முடியாது தாமசின். இங்க நாடகம் முடிஞ்சதும் ஒரு குதூகல ஆட்டத்தைப் போட்டு, அழுகையை நிறுத்தி அனுப்பி வச்சிடுறாங்க" என்றார்.

கடைசிவரை நானும் நின்றேன். நானும் அழுதேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எனக்கு வேண்டியிருந்தது. திரும்பியபோது மார்ஜரி பசியில் சட்டை நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

நாளை மறுபடி அதே நாடகமாம். இன்று காலை ரேஃப் என் கல்யாண மோதிரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரருடனேயே கிளம்பி வாருங்கள். எங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டாம். மார்ஜரியை அழைத்துப் போய்விடுங்கள். நான் அழுதாலும், வேண்டாம் என்று தடுத்தாலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
தாமசின்