எந்தப் பரவாயில்லை?

இன்று காலை என் இடுப்பின் மேல் சூடான ஒத்தடப் பை ஏறியது. வெந்நீரில் ஊறிய களிமண்ணும் கெட்டித் துணியும் சேர்ந்த வாசனை. மழையில் நனைந்த சாக்குமூட்டை நாறுவதுபோல் இருக்கிறது என்பாய். அடுத்தவர் முதுகின் மேல் குனிந்து குனிந்து என் முதுகும் பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் பெண் பையை எடுத்துவிட்டு, "இப்ப எப்டி இருக்கு சார்?" என்று கேட்டாள். "பரவால்லம்மா" என்றேன். சரி என்று போய்விட்டாள். நீயாக இருந்திருந்தால் போயிருக்க மாட்டாய்.

முதுநிலை இயன்முறை மருத்துவத்தில் நீயும் நானும் எடுத்துக்கொண்டது இடுப்பையும் காலையும்தான். இடுப்பில் நரம்பு நசுங்கும், வலி காலில் தெரியும். நோயாளியைப் படுக்க வைத்து, காலை நீட்டியபடியே தூக்கி, எந்தக் கோணத்தில் வலி வருகிறது என்று அளப்போம். கோணமானியில் என் கணக்கு பிசகியதே இல்லை. "அத ஏன் மொறச்சிப் பாக்கற முசே, அந்த ஆளு மூஞ்சியப் பாரு" என்பாய். அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், நான் இஸ்திரி கலையாத சட்டையோடு வருகிறவன் என்பதால் வகுப்பில் எனக்கு நீ வைத்த பெயர் அது, பிரெஞ்சில் 'ஐயா'. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் வைத்திக்குப்பத்திலிருந்து உன் அம்மா கட்டிக்கொடுத்த சுறாப்புட்டில் பாதியை நான்தான் தின்பேன்.

தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் நின்று வேலை செய்யும் ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவால்ல சார்" என்பார். வலி குறைகிறது என்று நானும் எழுதிவந்தேன். துறைத்தலைவரின் முன்னால் அவரை நிறுத்தி அதையே பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்பெஞ்சிலிருந்து நீ எழுந்தாய்.

"அண்ணே, எந்தப் பரவால்ல? கொறஞ்சுபோன பரவால்லயா, பழகிப்போன பரவால்லயா?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். "பழகிப்போனதுதாம்மா. வலிக்குதுன்னு சொன்னா வேலைக்குப் போலாம்னு எழுதித் தர மாட்டீங்களே."

நீ அவரைக் குதிகாலால் நடக்கச் சொன்னாய். வலது பாதத்தின் முன்பகுதி மேலே எழவில்லை. தரையில் சப்பென்று விழுந்தது. நரம்பு செத்துக்கொண்டிருந்தது. உடனே அறுவை சிகிச்சைக்கு அனுப்பினார்கள். கால் தப்பியது. அன்று முழுவதும் நான் உன்னோடு பேசவில்லை. சாயங்காலம் டீக்கடையில், "முசே, கோவத்தக் குடிச்சிட்டு டீய வச்சிட்டுப் போயிடாத, ஆறுது" என்றாய். சிரித்துத் தொலைத்தேன்.

அதற்குப் பின் வந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. துறையில் ஒரே ஓர் ஆசிரியர் பணியிடம் காலியானது. மதிப்பெண்ணில் முன்னால் நின்றவன் நான். எனக்குத்தான் என்று துறைத்தலைவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வேலை உனக்குப் போனது. செய்தி சொல்ல நீ போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. உன் கல்யாணத்துக்கும் வரவில்லை. வருடங்கள் அப்படியே போயின. உன் மாணவர்கள் என் கிளினிக்கில் வேலை கேட்டு வந்தபோது, உன் பெயரைச் சொன்னவர்களை மட்டும் நான் எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள், காத்திருந்தவர்களோடு நீயும் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தாய்.

"என்ன செய்யுது?" என்றேன், யாரோ ஒருவரைக் கேட்பதுபோல.

"இடுப்பு வலி. டிஸ்க்குதான்னு எங்க டிபார்ட்மெண்ட்ல பாத்தாங்க. எக்சர்சைஸ் செய்யறேன். பரவால்ல."

படுக்க வைத்துக் காலைத் தூக்கினேன். தடையில்லாமல் மேலே போனது. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சுளிப்பும் இல்லை. டிஸ்க் நரம்பை அழுத்தினால் கால் இப்படிப் போகாது. மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல்கள் முழங்கைவரை சரிந்து கிடந்தன.

"எந்தப் பரவால்ல?"

நீ சிரித்தாய். பிறகு உத்தரத்தைப் பார்த்தாய். "பழகிப்போனது."

"படுத்தா?"

"படுத்தாதான் அதிகமாவுது. ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்கேன்."

படுத்தால் அடங்காத முதுகுவலியும் தானாகக் குறையும் உடம்பும் சேர்ந்து வந்தால் என்னவென்று சந்தேகப்பட வேண்டும் என்பதை நாம் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"தெரிஞ்சுதான வந்த?"

"தெரியும். அங்க நான் டிஸ்க்குன்னு சொன்னா எல்லாரும் நம்பிடறாங்க. நானும் நம்பிட்டா நிம்மதின்னு இருந்துச்சி. நீதான் யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டியே முசே. அதான் வந்தேன்."

என் சந்தேகப் புத்திக்காக வீட்டிலும் வெளியிலும் வாங்காத பேச்சில்லை. அதைத் தேடி வந்த ஒரே ஆள் நீ.

ஸ்கேனுக்கு நானே அழைத்துப்போனேன். வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புவரை வந்திருந்தது. அதன்பின் மதியம் கிளினிக்கை மூடிவிட்டு உன் வீட்டுக்கு வருவேன். கால்கள் விறைத்துப்போகாமல் மடக்கி நீட்டிவிடுவேன். "கை சில்லுனு இருக்கு, தேச்சிட்டுத் தொடு" என்று அதட்டுவாய். உன் கணவர் இருவருக்கும் காப்பி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

கடைசி வாரங்களில் ஒருநாள், "அந்த வேலைய நான் கேட்டு வாங்கல முசே. வேணாம்னும் சொல்லல" என்றாய்.

"தெரியும். முட்டிய மடக்கு."

"இன்னும் கோவமா?"

"பரவால்ல" என்றேன்.

"எந்த..." என்று தொடங்கினாய். மருந்தின் அசதி, முடிக்கும் முன்பே கண் செருகிவிட்டது. உன் குதிகால் என் உள்ளங்கையில் இருந்தது. விழித்ததும் கேட்பாய் என்று அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழித்தபோது தண்ணீர் கேட்டாய். கேள்வியை மறந்துவிட்டாய்.

இன்று குப்புறப் படுத்தபடி அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். பொய் சொல்ல மாட்டேன். வேலை போனது பழகிப்போன பரவாயில்லைதான். துறைத்தலைவரிடம் அதுகூட இல்லை, தெருவில் பார்த்தால் இன்றும் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். உன் மேல் இருந்தது மட்டும், நீ டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாயே, அப்போதே குறைய ஆரம்பித்துவிட்டது. உன் குதிகாலைப் பிடித்திருந்தபோது கொஞ்சமும் மிச்சமில்லை. நீ கேட்டு முடித்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

மேசையிலிருந்து எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முதல் டோக்கன், மீன் கூடை சுமக்கும் ஓர் அம்மா.

"எப்டிம்மா இருக்கு?"

"பரவால்லபா."

நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அம்மாவின் முகம் தெரியும்படி உட்கார்ந்தேன்.