ஒதுங்கி உட்காராத நாற்பது நாள்

சிலமலை, ஞாயிறு

அன்பு மகள் பவதாரணிக்குச் சித்தி எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பு தேறியிருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். என் இடது கையில் ஏழு தையல், பயப்படாதே. போன் உடைந்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

நடந்ததை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். படிப்பு விடுமுறையில் நாற்பது நாள் இங்கே இருந்தாயே, ஒருமுறைகூட நீ தீட்டென்று மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கி உட்காரவில்லை என்று உன் வேலுத்தாய் அத்தை நாள் எண்ணி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அப்பா ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியதும், ஒதுங்கி உட்காருகிறவர்கள் சாப்பிடவென்று கொட்டகையில் தொங்கும் தீட்டுத்தட்டை எடுத்து வந்து அவர் காலடியில் வீசினாள். பாருடா தம்பி, தூசி படிஞ்சு கெடக்கு, ஒம்மகளுக்கு எத்தன மாசம்னு கேளு என்றாள். நீ எனக்கு மட்டும் போனில் அனுப்பியிருந்த டாக்டர் சீட்டைக் காட்டப் போனேன். அப்பா போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். நீ விட்டுப்போன புத்தகங்களைக் கிழித்தெறிந்தார். பரிச்சையும் வேணாம் ஒரு மயிரும் வேணாம், வெரசா ஆஸ்டலுக்குப் போயி அவள முடிச்சிட்டு வர்றேன் என்று கவாத்துக் கத்தியோடு வாசலுக்குப் போனார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, கத்தியைப் பிடித்துவிட்டேன். அவர் இழுத்தார்.

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து சத்தமாகப் பேசியே அறியாத நான் தெருவே கேட்கக் கத்தினேன். பிள்ள தூங்காம, ஒருவேளச் சோத்தோட படிச்சுத் தீட்டு நின்னுபோச்சு, காலேஜுல மூணாம் வருசம் எனக்கும் அஞ்சு மாசம் நின்னுச்சு, எங்க வீட்டுல எண்ணுறதுக்கு ஆளில்ல, அதான் உசுரோட இருக்கேன் என்றேன். அப்பா அப்போதுதான் ரத்தத்தைப் பார்த்தார். கத்தியைப் போட்டுவிட்டுத் தன் துண்டாலேயே கட்டினார்.

ஆனாலும் அவர் மனசு இன்னும் முழுதாக ஆறவில்லை. அத்தை உன்னை வரவழைக்கப் பார்க்கிறாள். சித்திக்கு முடியவில்லை என்று யார் கூப்பிட்டாலும் வராதே. கடைசிப் பரீட்சை முடியும் அன்று நானே விடுதி வாசலில் நிற்பேன். படித்தது மறந்தால் மறக்கட்டும், காலையில் பட்டினியோடு போகாதே. டாக்டர் வரச் சொன்ன நாளைத் தள்ளிப் போடாதே.

இன்று எனக்குத் தீட்டு இரண்டாம் நாள். அந்தத் தட்டைத் தேய்த்துக் கழுவி நடுவீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அத்தை மண்ணை வாரித் தூற்றினாள். ஒரு கையால் சட்டியைச் சாய்க்க முடியாமல் நான் தடுமாறியபோது, அப்பாவே எழுந்து வந்து குழம்பை ஊற்றினார்.

நல்லா இரு ஆத்தா. தட்டு இனிமேல் அடுப்படியில்தான் இருக்கும்.

உன் சித்தி,
பொற்கொடி