பெடலுக்கும் என்ஜினுக்கும் நடுவில்

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

நீடாமங்கலம் முழுக்க நெல் லாரி. கொள்முதல் நிலையத்து மூட்டையெல்லாம் குடோனுக்குப் போகிற பாதையில் என் வண்டி ஒயரிங் கடை இருப்பதால், வயல் இல்லாத எனக்கும் இது அறுவடைக் காலம்தான். மதியத்துக்குள் இரண்டு ஹெட்லைட், ஒரு செல்ஃப் மோட்டார். மூன்று மணிக்கு அண்ணன் தான் ஓட்டுகிற லாரியைக் கொண்டுவந்து கடை வாசலை அடைத்து நிறுத்தினான்.

"எழிலு, வண்டியில பிக்கப்பே இல்ல. மிதிச்சா அப்படியே முக்கிக்கிட்டு நிக்குது."

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் சுத்தம். ஸ்கேனர் மாட்டினேன். கோளாறு ஒன்றும் காட்டவில்லை. ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொன்னேன். திரையில் அறுபத்திரண்டு சதவீதம்.

"இன்னும் மிதிண்ணே."

"முழுசாத்தான் மிதிக்கிறேன். வேணும்னா ஏறி நிக்கவா?"

சரி, பெடல் சென்சார் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். புது பெடல் வர பத்து நாள் ஆகும். சீசனில் வண்டியை நிறுத்த முடியாது. அவனோ த்ராட்டில் பாக்ஸ் மாட்டிக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தான். முதலாளி லியாகத் அலி பாயிடமும் கேட்டுவிட்டானாம்.

மாட்டிக் கொடுத்தேன். இருபது நிமிட வேலை. பெடலிலிருந்து வரும் சாக்கெட்டைக் கழற்றி நடுவில் அந்தச் சின்னப் பெட்டியைச் செருக வேண்டும், அவ்வளவுதான். என்ஜினுக்கு இதனால் பலம் கூடாது. கால் மெதுவாகச் சொல்வதை, என்ஜின் கம்ப்யூட்டரிடம் இது உரக்கச் சொல்லும். நாலு அளவு உண்டு. இரண்டில் வைத்தேன்.

'பொம்பளை லாரிக்கு ஒயரிங் பார்க்கிறதா' என்று ஊர் சிரித்தபோது என் கடைக்கு வந்த முதல் வண்டி அண்ணனுடையது. அவன் கேட்டு எதை மறுத்தேன்?

5 பிப்ரவரி

அண்ணன் போன். "காலை வச்சாலே பறக்குது பாப்பா!" ரொம்பத்தான் பெருமை எனக்கு.

11 பிப்ரவரி, செவ்வாய்

அண்ணன் திரும்ப வந்தான். நாலில் வைக்கச் சொன்னான். அது காலி வண்டியில் வித்தை காட்டுகிறவர்களுக்கு, மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு ஆகாது என்றேன். "இருபத்தி ரெண்டு வருசமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" என்றான். வைத்துக் கொடுத்தேன்.

ஏன் இரண்டு போதவில்லை? கேட்க நினைத்தேன். அதற்குள் ஒரு டிராக்டர்காரன் ஹாரன் அடித்து உயிரை எடுத்தான்.

15 பிப்ரவரி, சனி

அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போனதால் இன்று அவன் லாரியை எடுத்தவர் மாற்று டிரைவர் சாமிதுரை. பத்து மணிக்கே கடைக்கு வந்து கத்தினார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? கால் பட்டதும் பாயுது. மேல இருந்த லோடுமேன் விழப் பாத்தான். தையில கூட நான் ஓட்டுனேனே, நல்லாத்தானே இழுத்துச்சு. இதுக்கு எதுக்குப் பொட்டி?"

கோபம் வந்தது. சென்சார் தேய்ந்ததைக் காட்டி நிரூபிக்கலாம் என்று பெட்டியைக் கழற்றிவிட்டு ஸ்கேனரை மாட்டி, அவரை முழுதாக மிதிக்கச் சொன்னேன்.

நூறு.

மறுபடி மிதிக்கச் சொன்னேன். நூறு. சென்சாருக்கு ஒன்றுமில்லை, வண்டிக்கும் ஒன்றுமில்லை. அண்ணன் முழுதாக மிதிப்பதாக நினைத்துக்கொண்டு பாதிக்குக் கொஞ்சம் மேலே மிதித்திருக்கிறான். அவனுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை, கால் மரத்திருக்கும். இதை யோசிக்க எனக்குப் பதினொரு நாள்.

பெட்டியை அந்த வண்டியில் திரும்ப மாட்டவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். கண்ணை மூடச் சொல்லி, டெஸ்டர் முனையால் வலது கால் கட்டைவிரலைத் தொட்டேன். எந்த விரல் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே "சுண்டுவிரல்" என்றான். அடுத்து எதையுமே தொடாமல் கேட்டேன். "நடுவிரல்."

மீனா அண்ணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒத்தச் செருப்போட வீட்டுக்குள்ள வருவாரு எழிலு. இன்னொண்ணு தெருவுல கெடக்கும். மறதின்னுல்ல நெனச்சேன்."

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பிரேக் தெரியுதாண்ணே?"

காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "ஏர் பிரேக்ல காத்து போற சத்தம் கேக்கும்ல. அத வச்சு மிதிச்சுக்குவேன்."

ஐயோ, என்ன மனுஷன் இவன்! ஆக்ஸிலேட்டருக்கு நான் பெட்டி மாட்டிக் கொடுத்துட்டேன், பிரேக்குக்கு எந்தப் பெட்டி இருக்கு? இத்தனை மூட்டையோட, சத்தத்தக் கேட்டு — நானும்தானே அவனுக்குத் தோதா இருந்திருக்கேன்.

வண்டி எடுக்காதே, டாக்டரைப் பார் என்றேன். சீசன் முடியட்டும் என்றான். பாயிடம் சொல்லக் கூடாது என்று தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னான். செய்யவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

நேற்றும் ஓட்டினான், இன்றும் ஓட்டினான். மாலை ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் அவன் லாரி. அதற்கும் முன்னால் நின்ற டெம்போவுக்கும் நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை நுழைத்துக்கொண்டு நின்றார்கள், ஏழெட்டுப் பேர். ஒருத்தி பம்பரில் சாய்ந்து தண்ணீர் குடித்தாள். கேட் திறந்து அவர்கள் போகும்வரை அவன் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேராகப் பாய் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பெட்டி மாட்டியது என் தப்பு என்பதையும் சேர்த்துத்தான்.

"நீயே வந்து சொல்றியேம்மா," என்றார். பிறகு, "சாவிய வாங்கிக்கிறேன். ஆளைக் கைவிட்டுட மாட்டேன்."

19 பிப்ரவரி

அண்ணன் போன். "கால் போனது எனக்கு. அத ஊருக்குச் சொன்னது நீ." வைத்துவிட்டான். கடையை அடைத்துவிட்டு அழுதேன். செய்தது சரிதான். சரியாக இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

7 மார்ச்

அண்ணி சொன்னாள்: தஞ்சாவூரில் டாக்டர் பார்த்தாராம். உள்ளங்காலில் புண், இரண்டு மாதமாவது இருக்கும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்பார்களாம். அவனுக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை. பாய் சொல்லி, லாரி சங்கத்தில் எந்த லாரிக்கு அடுத்த லோடு என்று முறை எழுதுகிற வேலை கிடைத்திருக்கிறது. என்னைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லையாம்.

22 ஏப்ரல்

கடைத்தெருவில் பார்த்தேன். ஷூ போட்டிருந்தான். எதிர்ப்பக்கம் போய்விட்டான்.

9 ஜூன், திங்கள்

ஒரத்தநாட்டு வண்டி ஒன்று. டிரைவர் பெயர் வேம்பு, நாற்பது வயது இருக்கும். பிக்கப் இல்லை, த்ராட்டில் பாக்ஸ் வேண்டும் என்றார். நான் ஸ்கேனரை எடுக்கப் போனேன். திரும்பினால் மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க இது?"

"சங்கத்துல முறை எழுதுற பகலவன் அண்ணன்தான் அனுப்புனாருங்க. 'எந்தங்கச்சி பொட்டி மாட்டுறதுக்கு முன்னாடி காலைப் பாக்கும், கூச்சப்படாம காட்டு'ன்னாரு."

"தங்கச்சின்னா சொன்னாரு?"

"ஆமாங்க. ஏன், நீங்க இல்லையா?"

நான்தான் என்றேன். ஐந்து விரலையும் சரியாகச் சொன்னார். பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றினேன், பிடி பிடியாக வைக்கோல் தூசி. மாற்றியதும் வண்டி நன்றாக இழுத்தது, பெட்டி தேவைப்படவில்லை.

நாளைக்குச் சங்கத்துக்குப் போய் அண்ணனைப் பார்க்கிறேன்.