கொசுவத்தில் நாற்பத்தைந்து காலிபர்

16 நவம்பர் 1974, சனி

போன வாரம் இந்தக் குளிர்தேசத்து ஊரின் வில்லரே பேட்டையில் ஒரு நோயாளியை வீட்டில் பார்த்துவிட்டு வரும்போது எவனோ என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அதற்காக இவர் இன்று என்னைத் துப்பாக்கிக் கடைக்கே கூட்டிப்போய்விட்டார். இன்ஜினீயர் அல்லவா, எடை, நீளம் எல்லாம் அட்டவணை போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

"நாற்பத்தஞ்சு காலிபர், வசந்தா. ஆனா கைக்குள்ள அடங்கிடும். வெளியில தெரியவே தெரியாது. போலீஸ் பர்மிட்டுக்கு நான் எழுதறேன்."

"எங்கே வெச்சுக்கறது?"

"ஹேண்ட்பேக்ல."

"அதைத்தானே பிடுங்கிட்டுப் போனான்?"

கோட்டுப் பையில் என்றார். நோயாளி வீட்டு வாசலிலேயே கோட்டைக் கழற்றிவிடுவேன் என்றேன். அப்படியானால் இடுப்பில் என்றார். கடைக்காரர் முன்னாலேயே அந்தக் காலித் துப்பாக்கியை வாங்கிக் கொசுவத்தில் செருகிக் காட்டினேன். கனம் தாங்காமல் கொசுவம் சரிந்தது. இவர் பதறிப்போய் என்னை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் அட்டவணையில் புடவைக்குக் கட்டமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "அப்போ இனிமே வீடு வீடாப் போக வேண்டாம். கிளினிக்கோட நிறுத்திக்கோ" என்றார்.

நிறுத்த மாட்டேன். அந்தக் குண்டு எவ்வளவு பெரிய ஓட்டை போடும் என்று அவர் படித்திருக்கிறார். நான் அதைத் தைத்திருக்கிறேன்.

திங்கள்கிழமை அதே தெருவில் ஒருவருக்கு ஊசி போட வேண்டும். கைப்பை கொண்டுபோகப் போவதில்லை; ஊசியும் மருந்தும் கோட்டுப் பையில் போகும். ஸ்டெதஸ்கோப்பைக் கோட்டுக்கு மேலே, டாக்டர் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பேன். எவன் பிடுங்குகிறான், பார்த்துவிடுகிறேன்.