அண்ணன் காட்டாத வயிறு

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அண்ணி எல்லாம் சொல்லி அழுதார். குடலில் இருந்த கட்டியை எடுத்து, மலம் போக வயிற்றிலேயே வாய் வைத்துப் பை மாட்டியதிலிருந்து தனி அறையில் படுக்கிறாயாம். பை நிறைந்துவிடும் என்று பட்டினி கிடக்கிறாயாம். எரிச்சலில் சட்டைகூடப் போட முடியவில்லையாம்.

அண்ணா, இந்தப் பை வைத்தவர்களைப் பார்ப்பதுதானே என் வேலை? அந்த வாய் நாளாக ஆகச் சுருங்கும். அதற்கேற்ப அளவெடுத்துப் பையின் ஓட்டையை வெட்டாவிட்டால், சுற்றிலும் தோல் வெந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒரே ஒரு தடவை காட்டு.

உன் குட்டி

மார்ச் 10

குட்டிக்கு,

அவ்வளவு தூரம் வந்தவளுக்குக் கதவைத் திறக்காமல் இருந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வெளியே நின்று, "நர்ஸாத்தான் வந்திருக்கேண்ணா" என்றாய். எனக்கு நீ தங்கையாக மட்டும்தானே தெரிகிறாய். இடுப்பில் தூக்கி வளர்த்தவளின் முன்னால் எப்படிச் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுப்பேன்?

நெரிசலில் புகுந்து புகுந்து டிக்கெட் கிழித்த கண்டக்டர் நான். இப்போது யாராவது இடித்துவிடுவார்களோ, வாடை வருமோ என்று வாசலுக்குப் போகவே பயம். வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். நீ வராதே.

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

யார் யாரோ என்னை நம்பிக் காட்டுகிறார்கள். நீ மாட்டேன் என்கிறாய். மனசு ஆறவே இல்லை. போகட்டும். என்னோடு வேலை பார்க்கும் மீசைக்கார நர்ஸ் வியாழக்கிழமை வருவார். நான் எதையும் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். அவருக்காவது கதவைத் திற.

குட்டி

ஏப்ரல் 2

குட்டிக்கு,

மீசைக்காரர் வந்தார். புண்ணைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. பை இடிபடாமல் இருக்க வேண்டுமே என்று, "பஸ்ல எந்தப் பக்கம் சாஞ்சு நிப்பீங்க?" என்று கேட்டார். இன்னும் என்னைக் கண்டக்டராக நினைக்கிறாரே என்று அழுகை வந்துவிட்டது. அழுது முடித்த பிறகு அளவெடுத்துப் பையை வெட்டினார்.

தோல் ஆறிவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நேற்று பை மாற்றும்போது உன் அண்ணியை நானே உள்ளே கூப்பிட்டேன். ஆனால் உனக்குக் காட்ட மாட்டேன் குட்டி. எப்போதும் மாட்டேன். என்னை அண்ணனாகவே இருக்கவிடு.

அண்ணன்

ஏப்ரல் 7

அண்ணா,

நீ சாப்பிடுகிறாய், அது போதும். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இன்று ஒரு நோயாளி, துணைக்கு வந்த தங்கையை வெளியே இருக்கச் சொன்னார். மற்ற நாளாக இருந்தால், வீட்டு ஆள்தானே, கூட இருக்கட்டும் என்று அதட்டியிருப்பேன். இன்று அவர் சொன்னபடியே திரையை இழுத்துவிட்டேன்.

வேலை முடிந்ததும் வெளியே வந்தேன். அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, கொஞ்ச நேரம் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உன் தங்கை