தெருவிழாவில் தொலைந்த பிள்ளை

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் தயவால் நான் கனடாவில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த வருடம் இங்குள்ள மாகாண அரசு விழாக்களின் பாதுகாப்புக்கு மானியம் கொடுத்தது. எனக்குக் காவல் வேலை கிடைத்ததும் அதனால்தான். பக்கத்து நகரங்களின் பொலிசும் நாங்களும் இப்போது தகவல்களை உடனுக்குடன் பகிர்ந்துகொள்கிறோம்.

சனிக்கிழமை எங்கள் ஆட்களின் தெருவிழா. ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "தம்பி, என்ர பிள்ளையைக் காணேல்லை!"

பிள்ளையின் படத்தை எல்லோருக்கும் அனுப்பினோம். கூட்டத்தோடு ரயிலேறிப் போனவனை அடுத்த நகரத்து நிலையத்தில் ஒரு பொலிஸ்காரி கண்டுபிடித்துவிட்டார்.

"அக்கா, பிள்ளை கிடைச்சிட்டான்" என்றேன். அவா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நானும் அழுதேன். சந்தோசத்தில்தான், யோசிக்காதேங்கோ.

பிறகு என் மேலாளரிடம், எங்கள் றொனால்ட் அண்ணாவின் படத்தையும் இப்படி அனுப்பலாமா என்று கேட்டேன். எந்த விழாவில் தொலைந்தார் என்று அவர் கேட்டார். சண்டை முடிந்த 2009 வைகாசியில், முல்லைத்தீவில் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டப் பந்தலில் போய் இருக்கும்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கோ. யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கோ. அண்ணாவின் தெளிவான படம் ஒன்றும் வேண்டும். இப்போது அவருக்குத் தலை நரைத்திருக்கும். கூட்டத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதுதானே அம்மா என் வேலை.

பஸ் வருகிறது.

உங்கள் மகன்,
மெல்ரொன்